தொப்பையைக் குளிப்பாட்டுவது எப்படி

தொப்பை என்பது என் பேத்தியின் கரடி பொம்மை. இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் நடைபாதைக் கடை ஒன்றில் மகள் வாங்கியது. ஒரு காது பாதிதான் இருக்கிறது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டு நிற்கும். மகளுக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். மற்ற நாளெல்லாம் பேத்திக்குத் தொப்பை இல்லாமல் தூக்கம் வராது.

நான் இருபத்திரண்டு வருஷம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்த்தவள். அந்தக் காலத்தில் அங்கே பொம்மை ஏது? தாய்மார் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) ஓடும் அவசரத்தில் விட்டுவிட்டுப் போவார்கள், அதுகள் அம்மாவின் பழைய சேலைத் துண்டைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஒரு பையனிடம் இருந்தது கொழுந்துக்கறை ஏறிய தலைத்துண்டு. நாற்றம் தாங்காமல் ஒருநாள் அவனைக் கேட்காமலே துவைத்துப் போட்டேன். மோந்து பார்த்தான், தூர எறிந்தான். மூன்று நாள் மத்தியானம் கண்ணே மூடவில்லை. பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. டொனால்ட் வினிகாட் என்ற இங்கிலாந்துக் குழந்தை வைத்தியர் 1951இலேயே இதைப் பேசியிருக்கிறார். இப்படிப்பட்ட பொருளைத் தாய் துவைத்துவிட்டால் பிள்ளைக்கு அதன் அர்த்தமே போய்விடக்கூடும் என்றாராம். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பையன்தான்.

அதற்காகத் துவைக்காமலும் இருக்க முடியாது. நம் பக்கத்து ஈரத்துக்குப் பொம்மைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், தூசிப்பூச்சி பெருகும். மூச்சு இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆகாது.

முதல் வேலை, பிள்ளையிடம் சொல்வது. இரண்டு நாளைக்கு முன்பே, "தொப்பை சனிக்கிழமை குளிக்கப் போகுது, நீயும் வாறியா?" என்று கேட்டு வையுங்கள். தூங்கும்போது உருவி எடுக்கவே கூடாது. நாளையும் பார்த்து எடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், வட்டவளைப் பக்கம் மழை விடாது. பெப்ரவரி, மார்ச் நல்லது. மலையின் கிழக்குப் பக்கத்துப் பண்டாரவளைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. எந்த மாதமானாலும் காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கிவிடும்.

அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது பொலியெஸ்டர் பஞ்சு என்றால் அப்படியே நனைக்கலாம். இலவம்பஞ்சு என்றால் நனைத்தால் கட்டி கட்டியாகிவிடும். முதுகுத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டு, தோலை மட்டும் கழுவுங்கள். சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியால் பொம்மையின் காலடியில் தேய்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம். பிரஷ் வேண்டாம், பிழியவும் வேண்டாம், அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும். நுரை போகும்வரை அலசுங்கள், மிச்சம் நின்றால் காய்ந்ததும் பிசுபிசுக்கும். வாசனைத் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள். அதுதான் பிள்ளைக்கு அந்நியமாகப் போகிறது. பிறகு துவாயில் சுருட்டி, மேலே ஏறி மிதிக்கப் பிள்ளையையே விடலாம். என் பேத்திக்கு இந்தக் கட்டம்தான் கொண்டாட்டம்.

காயப்போடுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். காதைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் தையல் விடும் (தொப்பையின் காது போனது அப்படித்தான், அதுவும் என் கையால்). பெரிய வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பையில் போட்டுக் கொடியில் கட்டுங்கள், நாலு பக்கமும் காற்றுப்படும். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம், பொலியெஸ்டர் சூட்டில் உருகும், ஒரு பொறி போதும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். வயிற்றைக் கன்னத்தில் அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒருநாள்.

அந்த இரவுக்கு ஒன்று கையில் வேண்டும். புதுப் பொம்மை வாங்கி நீட்டாதீர்கள், வாங்கியவருக்குத்தான் ஆறுதல். அம்மா உடுத்திக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றைக் கொடுங்கள். மறுநாள் காய்ந்த பொம்மையை அதே சட்டையில் சுற்றி வைத்தால் வாசம் கொஞ்சம் திரும்பும்.

தையலும் அன்றைக்கே முடித்துவிடலாம். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றிவிட்டு நூலால் கண் போடுங்கள், விழுங்கிவிடும். ஒரு வயது ஆகாத பிள்ளையின் படுக்கையில் பொம்மையே வேண்டாம். முன்பள்ளிக்குக் கொண்டுபோக அடம்பிடித்தால், பிரித்த தையலின் உட்பக்கத்தில் இரண்டு விரல் அகலத் துணியை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். முழுப் பொம்மையும் பஸ்ஸில் தொலைந்தால் யார் தேடுவது?

திருப்பிக் கொடுக்கும்போது "பார் எவ்வளவு சுத்தம்!" என்று ஆரம்பிக்காதீர்கள். தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். போன தடவை பேத்தி ரொம்ப நேரம் தொடவே இல்லை. மோந்து பார்த்துவிட்டு, "அம்மாயி, இது குளிச்ச தொப்பை" என்றாள். விளக்கை அணைத்த பிறகுதான் இழுத்துக் கம்பளிக்குள் போட்டுக்கொண்டாள்.