பட்டும் குடையுமாக: ஐப்பசிச் சென்னைக்கு வருவோருக்கு

"மார்கழிக்கு வாங்க, கச்சேரி கேட்கலாம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். விமான டிக்கெட்டும் அப்போதுதான் எகிறும். நான் சொல்வது வேறு. ஒரு முறையாவது புரட்டாசிக் கடைசிக்கும் கார்த்திகைக்கும் நடுவே சென்னைக்கு வந்து பாருங்கள். கனடாவிலும் லண்டனிலும் பார்ப்பதுபோல இலை சிவந்து உதிர்வதெல்லாம் இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம், அதாவது மழையும் குளிர்காற்றுமான பருவம் என்பது நம் பழைய கணக்கு. ஆனால் ஊரே உடுத்திக்கொண்டு, வீட்டுக் கதவைத் திறந்து வைத்து விருந்தாளிக்குக் காத்திருப்பது இந்த நாட்களில்தான்.

முதலில் மழை. அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முந்தைய நாட்களில் புழுக்கம் ஆளைக் கொல்லும். பிறகு ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. அங்கிருந்து கொண்டுவரும் மழை ஜாக்கெட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், பத்து நிமிடத்தில் உள்ளேயே வேர்த்துக் கொட்டும். இங்கே ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள். தோல் செருப்பு வேண்டாம். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் ரப்பர் செருப்புதான் கைகொடுக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள். 2015 வெள்ளத்தில் ஊர் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

நவராத்திரிக்கு வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்குவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், டிக்கெட் எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். கொலு பார்க்கப் போவதைவிட ஸ்டைலான மாலைப்பொழுது இந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. காலையில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். கையில் கொஞ்சம் பூவோ பழமோ இருந்தால் போதும். வெளிநாட்டு சாக்லேட் பெட்டியைக் கொலு முன்னால் வைத்துவிட்டு நெளிய வேண்டாம். "ஒரு பாட்டுப் பாடேன்" என்று கட்டாயம் கேட்பார்கள், நாலு வரி தயாராக இருக்கட்டும். கிளம்பும்போது தாம்பூலமும் சுண்டலும் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஒரே மாலையில் நாலு வீடு போனால் நாலு வகைச் சுண்டல் சேரும், ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள்.

பொம்மைக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. கபாலீஸ்வரர் கோயிலை ஒட்டி, தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாகக் கடை விரித்திருப்பார்கள். செட்டியார் பொம்மை, கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் உண்டு. மழை இரண்டு சொட்டு விழுந்ததும் கடைக்காரர் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடும் வேகத்தைப் பார்க்க வேண்டும்! விமானத்தில் கொண்டுபோவதற்குக் காகிதக்கூழ் பொம்மைதான் சரி. தூக்கிப் பார்த்தாலே எடை வித்தியாசம் தெரியும். மண் பொம்மை கனம், பெட்டியில் மூக்கு உடையாமல் போய்ச் சேராது. மரப்பாச்சி வாங்கினால் என்ன மரம் என்று கேளுங்கள். செம்மரத்துக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, விமான நிலையத்தில் வம்பு வேண்டாம்.

கொட்டும் மழை நாளுக்கு எழும்பூர். 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. நேராகச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய், திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதே பாந்தியன் சாலையில்தான் கோ-ஆப்டெக்ஸ் கடையும். தீபாவளியை ஒட்டி முப்பது சதவீதம் தள்ளுபடி தருவார்கள். காஞ்சிப் பட்டு எடுப்பதென்றால் "கோர்வையா?" என்று கேளுங்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு என மூன்று நாடா (ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) ஓட்டி நெய்வது அது. தறியில் நெசவாளிக்குத் துணையாக இன்னொருவரும் உட்கார வேண்டும். புடவையைத் திருப்பி, கரை உடலோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், நூல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பது கையிலேயே தெரியும். விலை ஏன் அப்படி என்பதும் அப்போது புரியும். மழையில் பட்டு வேண்டாம் என்பவர்களுக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் மதுரைச் சுங்குடியும் இருக்கின்றன.

துணி எடுத்த அன்றே தையல்கடைக்குப் போய்விடுங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் போனால் "அப்புறம் வாங்க" என்பார்கள். நான் கெஞ்சிக் கூத்தாடித் தைத்த ரவிக்கையில் ஒரு கை முழங்கை வரை, இன்னொன்று அதற்கும் மேலே. பண்டிகை முழுக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தி.நகருக்குச் சனி, ஞாயிறு போவது வேண்டாத வேலை. வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். பாண்டி பஜாரில் 2019 முதல் அகலமான நடைபாதை இருக்கிறது, தூறலில் குடை பிடித்து நடக்க ஏற்றது. ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு முறை போய்வாருங்கள், போனை உள்பையில் வைத்துக்கொண்டு.

ஊர் சலித்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காட்டு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. லேசாக மழை பெய்யும் நாளில் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தருகே உட்கார்ந்து பாருங்கள். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கும், கூட வந்த பிள்ளைகள் கையை நீட்டி ஆளுக்கொரு நூலைப் பிடித்துக்கொள்வார்கள். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கியது. அங்கே ஒரு மணி நேரம் போதும்.

தீபாவளி காலையில் விடியும் முன் எண்ணெய்க் குளியல், லேகியம், அப்புறம்தான் புதுத்துணி. பட்டாசுக்குச் சில ஆண்டுகளாகக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, அன்றைய செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது பலகாரத்தை இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள், நெய் துணிக்கு இறங்கிவிடும். பிள்ளைகளின் பைகளையும் ஒரு தடவை தடவிப் பாருங்கள். மிஞ்சிய கம்பி மத்தாப்பை எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள், அதை எந்தப் பெட்டியிலும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.