சூப்பில் விழுந்த ஒரு ஸ்பூன் பால்

நான் ரபியாக, அதாவது யூத மதகுருவாக, பொறுப்பேற்ற முதல் குளிர்காலம், நியூயார்க்கின் புரூக்ளினில். வெள்ளிக்கிழமை மதியம், ஓய்வுநாள் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு அம்மா போனில் கேட்டார்: "கோழி சூப்பில் ஒரு ஸ்பூன் பால் விழுந்துவிட்டது, என்ன செய்ய?" இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது என்பது எங்கள் உணவு விதி. "கொட்டிவிடுங்கள், தோராவே தடுக்கிறது" என்றேன், எங்கள் வேதத்தைச் சொல்லி. கொட்டிவிட்டார்.

ஒரே பதிலில் இரண்டு தப்பு. புது ரபிகளுக்கு நான் சொல்லித்தருவதெல்லாம் அதிலிருந்து கற்றதுதான்.

வாயைத் திறக்கும் முன் அளவைக் கேளுங்கள். தவறி விழுந்த பாலைப்போல் அறுபது மடங்கு சூப் இருந்தால் பால் கணக்கிலேயே வராது. 15 மில்லி ஸ்பூனுக்கு 900 மில்லி போதும். அவர் வைத்திருந்தது நாலு லிட்டர். விதி நான் படித்ததுதான், பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. "பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லக் கூச்சம். 'தெரியாது' என்று சொல்ல நாவைப் பழக்கு என்கிறது ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத். சந்தேகம் வந்தால் "கூடாது" என்பதே பத்திரம் என்று நினைக்கிறோம். நமக்குப் பத்திரம்தான், சூப் அவருடையது அல்லவா?

அப்புறம், தடை யார் போட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்பதுதான் தோரா. கோழிக்கு ஏது பால்? அதையும் சேர்த்துத் தடுத்தது பிற்கால ரபிகள், ஒரு வேலியாக. இடைக்காலச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இதே கோழியைத்தான் உதாரணம் காட்டுகிறார்: வேலியை வேலி என்று சொன்னால் சரி, தோராவே தடுத்தது என்றால், தோராவில் இல்லாததைச் சேர்த்த குற்றம். பயமுறுத்தினால்தான் ஜனம் கேட்கும் என்பவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. அந்த அம்மாவின் பையன் நாளை ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா படிப்பான், அவனுக்குத் தெரிந்துவிடும். பஸ்கா பண்டிகையில் அரிசி கூடாது என்பதும் அப்படித்தான், ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கம் அது. ஸ்பெயின் வழிவந்த செஃபார்தி யூதர் வீட்டில் போய்ச் சட்டம் என்று சொல்லாதீர்கள். பெரிய நஷ்டம் என்பதற்காக ஒன்றை அனுமதித்தால் அந்தக் காரணத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அதையே பொது விதியாக்கிவிடுவார்கள்.

தப்பு தெரிந்தால் கேட்டவரிடமே திரும்பப் போக வேண்டும். கருப்பை இல்லாத ஒரு பசுவின் இறைச்சி ஆகாது என்று நாய்களுக்குப் போடவைத்தார் பழங்கால ரபி தார்ஃபோன். யாவ்னே ஊரில் கூடிய மற்ற ரபிகள் அது ஆகும் என்றார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து பசுவைக் கருப்பை வெட்டாமல் வெளியே விடுவதே இல்லை என்று தெயோதோஸ் என்ற மருத்துவர் சொல்லியிருந்தார்; கருப்பை இல்லாமலும் பசு வாழும் என்பதுதான் அதன் பொருள். "தார்ஃபோன், உன் கழுதை போச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாராம் தார்ஃபோன், நஷ்டஈட்டை நினைத்து. தேர்ந்தவர் தவறினால் ஈடு தர வேண்டியதில்லை என்று ரபி அகிவா அவரை விடுவித்தார். நான் எதில் தேர்ந்தவன்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் உணவு விதிக்கு ஏற்ற ஒரு கோஷர் கோழியோடு அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பேசாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த கேள்விக்கு என்னைக் கூப்பிட ஏழு மாதம் ஆயிற்று. அன்று நான் கேட்கும் முன்பே, பானை எத்தனை லிட்டர் என்று அவரே சொல்லிவிட்டார்.