வடசென்னையில் மிகைபோதை மயக்கங்களை வாராவாரம் எண்ணுவது எப்படி

தடய அறிவியல் ஆய்வக அறிக்கை வரட்டும் என்று உட்கார்ந்தால் எச்சரிக்கை எப்போதும் தாமதம்தான். உள்ளுறுப்பு மாதிரிகளின் முடிவு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் அதே சரக்கு இன்னும் நாலு தெருவுக்குப் போயிருக்கும். ஆகவே 108 ஆம்புலன்ஸ் பதிவையும், அவசரப் பிரிவின் ஏ.ஆர். நோட்டையும் (விபத்துப் பதிவேடு) வைத்துத் தொடங்குங்கள்.

நோட்டில் 'ஓவர்டோஸ்' என்று எழுதியிருக்காது. 'ஆண், சுமார் 22, மயக்கம், உடன் யாருமில்லை', அவ்வளவுதான். கொண்டுவந்து விட்ட நண்பர்கள் போலீசுக்குப் பயந்து நழுவியிருப்பார்கள். அதனால் வரையறையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: நினைவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழே, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, இவற்றில் இரண்டு இருந்தாலோ, ஓபியாய்டுக்கு மாற்று மருந்தான நலாக்சோன் போட்டதும் விழித்தாலோ 'சந்தேக ஓபியாய்டு' (அபின், ஹெராயின் வகைப் போதை). டாபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்கள் இருப்பதால் கையில் ஊசித் தழும்பு உண்டா என்றும் குறியுங்கள். நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரைக்கு நலாக்சோன் வேலை செய்யாது. அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள்.

ஒரே ஆள் 108 பதிவிலும் நோட்டிலும் இருப்பார். வயது, பால், இரண்டு மணி நேரத்துக்குள் வருகை ஆகியவை பொருந்தினால் ஒருவராக எண்ணுங்கள்.

அதிகம் தவறு நடப்பது இடத்தில்தான். மருத்துவமனை முகவரியில் எண்ணினால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வந்த திருவொற்றியூர், கொடுங்கையூர் ஆட்களெல்லாம் ராயபுரம் மண்டலக் கணக்கில் விழுவார்கள். ஆதார் முகவரியும் உதவாது. நகரின் தெற்கே உள்ள பெரும்பாக்கம் முகவரிக்காரர் புளியந்தோப்பில் விழுந்து கிடக்கலாம். 108 ஏற்றிய இடத்தை வார்டு எண்ணோடு எழுதுங்கள்.

திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். முந்தைய எட்டு வாரச் சராசரியோடு அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். சராசரி 3 என்றால் வரம்பு சுமார் 6.5, ஏழாவது ஆள் வந்தால் எச்சரிக்கை. ஒரே தெருவில் 24 மணி நேரத்துக்குள் இருவர் விழுந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றே இறங்குங்கள்.

எச்சரிக்கை அனுப்பியதும் அவசரப் பிரிவில் நலாக்சோன் இருப்பைச் சரிபாருங்கள். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும். எழுந்து உட்கார்ந்தவரை உடனே அனுப்பினால் வீட்டில் மூச்சு மறுபடி மந்தமாகும். நீங்கள் வைக்கும் பட்டியலில் பெயர் வேண்டாம். ஐந்துக்குக் குறைவான வார்டு எண்ணிக்கையை வெளியே கொடுக்காதீர்கள், தெருவே ஆளை அடையாளம் கண்டுவிடும். பிழைத்தவர் கையில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள். சிகிச்சைக்குத் தானாக முன்வருபவருக்கு 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பதை அவர் அம்மாவிடமும் சொல்லுங்கள்.