ஒரு பாட்டு ஹிட்டான பிறகு பேண்டின் சவுண்டை விரிப்பது எப்படி?

காட்பாடியில் பேண்டுகள் வந்து பிராக்டீஸ் பண்ணுகிற ஒரு சின்ன ஜாம் ரூம் நடத்துகிறேன். தமிழில் பாப்-பங்க், அதாவது மெட்டு சுலபமாக மனசில் நிற்கிற வேகமான ராக் பாட்டு, வாசிக்கிற பசங்கதான் இப்போது அதிகம் வருகிறார்கள். இவர்களில் யாராவது ஒருவருடைய பாட்டு திடீரென்று எல்லார் போனிலும் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்த வாரமே "அண்ணா, இனிமே என்ன பண்றது?" என்று வந்து நிற்பார்கள். அதே மாதிரி இன்னும் பத்துப் பாட்டுப் போட்டால் ஜனம் சலித்துவிடும். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு கீபோர்டு வாங்கினால் வந்த ஜனமும் போய்விடும். அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். போனில் கிடக்கும் பழைய வாய்ஸ் ரெக்கார்டிங்குகளைத் திறங்கள். "இது நம்ம பேண்டுக்குச் செட் ஆகாது" என்று ஒதுக்கிய பாட்டுகள் அதில் இருக்கும். அமெரிக்க பாப்-பங்க் பேண்டான கிரீன் டே 1994-இல் 'டூக்கி' ஆல்பத்தால் ஒரே வருஷத்தில் உலகப் புகழ் அடைந்தார்கள். மறு வருஷம் வந்த ஆல்பம் இன்னும் கடுமையான சத்தம். 1997-இல் 'நிம்ராட்' ஆல்பத்தில்தான் 'குட் ரிடன்ஸ்' வந்தது. ஒரு அகூஸ்டிக் கிதார், வயலின்கள், ஒரு குரல், டிரம்ஸே கிடையாது. அந்தப் பாட்டை பேண்டின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் எழுதியது 1990 வாக்கில். 'டூக்கி' சமயத்தில் மற்ற பாட்டுகளோடு ஒட்டவில்லை என்று எடுத்து வைத்திருந்தார்கள். பேர் வாங்குவதற்கு முன்பே கையில் இருந்த பாட்டு அது. உங்களிடமும் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும்.

பாட்டு கிடைத்ததும் கிதாருக்கு வாருங்கள். பாப்-பங்க் கிதாரில் அதிகம் அடிக்கிற பவர் கார்டில் ச-வும் ப-வும் மட்டும்தான் இருக்கின்றன. காந்தாரம் இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பை ஏற்றி வேகமாக அடிக்கும்போது அதுதான் சரி. மூன்றாவது சுரம் சேர்ந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் ஒரு கிதார் பழையபடி பவர் கார்டு அடிக்கட்டும். இன்னொன்றில் அந்தக் கரகரப்பைக் கூட்டுகிற கெய்னைப் பாதிக்குக் கீழே இறக்கி, மேல் மூன்று தந்திகளில் முழு கார்டை ஒவ்வொரு சுரமாக மீட்டுங்கள். வரியில் இருக்கிற சோகம் அப்போதுதான் வெளியே கேட்கும்.

டிரம்ஸில் கிளிக்கை, அதாவது வேகம் காட்டும் டிக்-டிக் சத்தத்தை, மாற்ற வேண்டாம். 180 பிபிஎம்மிலேயே (நிமிஷத்துக்கு 180 அடி) விட்டுவிட்டு, நாலு அடியில் இரண்டிலும் நாலிலும் விழுகிற ஸ்னேர் டிரம்மை மூன்றில் மட்டும் விழ வையுங்கள். பாட்டு பாதி வேகத்துக்கு வந்த மாதிரி கேட்கும். பாடுகிறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நம் வடஆற்காடு பக்கம் பிறந்தவர்களுக்கு அம்மன் கோயில் பம்பையும் உடுக்கையும் சின்ன வயசிலிருந்தே காதில் விழுந்தவை. குடியாத்தம் சிரசு திருவிழாவுக்குப் போய் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அந்தச் சத்தத்தைச் சாம்பிளாக டவுன்லோடு செய்து ஒட்டாதீர்கள். ஆளை நேரில் அழையுங்கள். ஆடி மாதத்தில் மட்டும் போய்க் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது.

பம்பை இரட்டை வாத்தியம்: ஒன்று மரம், ஒன்று வெண்கலம். வெண்கலத்தின் கணீர் சத்தமும் டிரம்ஸின் ஹை-ஹேட்டும் (ஜோடியாக இருக்கிற உலோகத் தட்டு) ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். எங்கள் ரூமுக்கு வந்த பம்பைக்காரர் ஒருவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "அந்தத் தட்டை நிறுத்து நைனா, அப்புறம் நான் பேசறேன்" என்றார். டிரம்மர் ஹை-ஹேட்டை விட்டுவிட்டு காலால் மிதிக்கிற கிக் டிரம்மை மட்டும் போட்டதும் ரூமே மாறிவிட்டது. அன்றிலிருந்து எல்லா பேண்டுக்கும் இதையே சொல்கிறேன்: பம்பை வந்தால் ஹை-ஹேட் ஒதுங்க வேண்டும்.

நடையையும் பாருங்கள். பம்பைக்காரர்கள் ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து உருட்டும்போதுதான் சாமி வருகிற அந்த வேகம் பிறக்கிறது. 180-இல் அதை வாசிக்கச் சொன்னால் கையும் தாங்காது, காதும் தாங்காது. 110, 120-க்கு இறக்கி பேஸ் கிதாரை அந்த மூன்றோடு சேர்த்து நடக்க விடுங்கள். பாட்டு முழுக்க வேண்டாம். இரண்டாவது சரணத்துக்குப் பிறகு ஒரு பகுதி போதும்.

தெருக்கூத்து ஆர்மோனியம் சேர்ப்பதாக இருந்தால் முதலில் டியூனர் ஆப்பில் அதன் சுருதியைப் பாருங்கள். பல பெட்டிகள் கிதார் டியூன் செய்கிற 440 ஹெர்ட்ஸ் அளவில் நிற்காது. பெட்டியை மாற்ற முடியாது, கிதாரைத்தான் அதற்கு ஏற்றபடி டியூன் செய்ய வேண்டும்.

இத்தனை மாற்றத்திலும் கை வைக்கக் கூடாதது குரல். அமெரிக்க பேண்டான பாராமோர் 2017-இல் 'ஆஃப்டர் லாஃப்டர்' ஆல்பத்தில் பழைய கிதார் இரைச்சலைக் கழற்றிவிட்டு எண்பதுகளின் பாப் பக்கம் போனார்கள். ஆனாலும் பாடகி ஹேலி வில்லியம்ஸ் பாடத் தொடங்கியதுமே அது பாராமோர் என்று தெரிந்துவிடும். வேலூர் சத்துவாச்சாரித் தமிழில் பாடித்தான் உங்களுக்குப் பேர் வந்தது என்றால், பாட்டு மெதுவானாலும் அதே தமிழில் பாடுங்கள். திடீரென்று சினிமாப் பாடகர் மாதிரி குழையாதீர்கள்.

மேடையில் புதுப் பாட்டை முதலிலும் வைக்க வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். வேகமான பாட்டு இரண்டு போன பிறகு, கடைசி கார்டு ஓயும் முன்பே நேராக அதில் இறங்குங்கள். "இது கொஞ்சம் வித்தியாசமான பாட்டு" என்று மைக்கில் சொன்னால் கூட்டம் அப்போதே போனை எடுத்துவிடும். ஹிட் பாட்டைக் கடைசிக்கு வையுங்கள், அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள்.

பம்பைக்காரருக்கு எவ்வளவு சம்பளம், ரெக்கார்டிங்கில் அவர் பெயர் எங்கே வரும், பாட்டில் காசு வந்தால் அவருக்கு எவ்வளவு என்பதை முதல் ரிகர்சலுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எழுதி ஒரு நகலை அவர் கையிலும் கொடுங்கள்.