மரினா பே வாணவேடிக்கை: படம் எடுப்பதும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும்

வாணவேடிக்கையைப் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெடிப்பை மட்டுமே எடுக்கிறார்கள். அது எந்த ஊரில், எந்த நீர்நிலைக்கு மேல் வெடித்தது என்பது படத்தில் வருவதில்லை. கறுப்பு வானத்தில் விரிந்த ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டினால், அது சிங்கப்பூரில் எடுத்ததா சிட்னியில் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, சிங்கப்பூரின் மரினா பே விரிகுடாவில் வாணத்தையும் அதன் கீழே உள்ள நகரத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவது எப்படி, எடுத்த படங்களில் எதை வைத்துக்கொண்டு எதை விட்டுவிடுவது என்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் 1972 முதல் பொதுமக்கள் பட்டாசு வெடிக்கத் தடை இருப்பதால், நம் வீட்டுத் தீபாவளி கம்பி மத்தாப்போடு நிறைவடைந்துவிடுகிறது. வானத்தில் வெடிக்கும் பெரிய வாணங்களுக்கு ஆகஸ்ட் 9 தேசிய தினத்தையும் டிசம்பர் 31 நள்ளிரவையும்தான் முக்கியமாக எதிர்பார்க்க வேண்டும். தேசிய தினத்துக்கு முந்தைய வாரங்களில், சனிக்கிழமைகளில் நடக்கும் ஒத்திகைகளிலும் முன்னோட்டக் காட்சியிலும் பெரும்பாலும் வாணவேடிக்கை உண்டு. கூட்டம் குறைவாக இருக்கும் அந்த மாலைகளை வீணாக்காதீர்கள். எந்தத் திசையிலிருந்து வாணம் எழுகிறது, எவ்வளவு உயரம் போகிறது, எந்தக் கட்டடம் மறைக்கிறது என்பதை ஒத்திகையில் பார்த்து வைத்துக்கொண்டவருக்கு ஆகஸ்ட் 9 அன்று பாதி வேலை முடிந்துவிடும். தேசிய தின அணிவகுப்பு நடக்கும் இடம் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. மிதக்கும் மேடையிலும் பாடாங் திடலிலும் நடந்திருக்கிறது, 2016இல் தேசிய விளையாட்டரங்கிலும் நடந்தது. பழைய படங்களைப் பார்த்து இடம் பிடிக்காமல், அந்த ஆண்டு எங்கே நடக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சி அழகை மட்டும் பார்ப்பவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். வாணவேடிக்கைப் படத்தைக் கெடுப்பதில் புகைக்கு இணையானது வேறொன்றும் இல்லை. முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அதைப் பொறுத்தே மீதிப் படங்கள் அமையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அப்போது சிங்கப்பூரில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று, வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். எனவே, வாணங்கள் விரிகுடாவின் நடுவிலிருந்து எழும் ஓர் ஆகஸ்ட் மாலையில், விரிகுடாவுக்கு வடக்கே உள்ள எஸ்பிளனேட் கலையரங்கின் பக்கம் நிற்பவரை நோக்கிப் புகை வரும் வாய்ப்பு அதிகம். மேற்கே மெர்லயன் பூங்காவில் நிற்பவருக்கு அது குறுக்காக விலகிப் போகும். தென்கிழக்கே மரினா அணைக்கட்டில் நிற்பவருக்குக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது புகை வாணத்துக்குப் பின்னால் உள்ள கட்டடங்களை மூடிவிடக்கூடும். என் கணிப்பில், குறுக்காக வீசும் காற்றே எல்லாவற்றிலும் நல்லது. ஆண்டிறுதி இரவில் இந்தக் கணக்கு ஏறத்தாழத் தலைகீழாகும். அன்று எஸ்பிளனேட் பக்கம் நிற்பவருக்குக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். பருவக்காற்று பொதுவான போக்கை மட்டுமே சொல்லும் என்பதால், அன்று மாலை அங்கே பறக்கும் கொடிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாலங்களில் நின்று எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஹீலிக்ஸ் பாலத்திலிருந்தும் ஜூபிலி பாலத்திலிருந்தும் காட்சி அருமையாக இருக்கும். ஆனால் கூட்டம் நடக்க நடக்கத் தளம் மெல்ல அதிரும், அந்த அதிர்வு முக்காலியின் கால்கள் வழியாகக் கேமராவுக்கு ஏறும். கண்ணுக்கு அது தெரியாது. நான்கு விநாடிப் படத்தில் ஒவ்வொரு ஜன்னல் விளக்கும் இரண்டிரண்டாகத் தெரியும்போதுதான் புரியும். தரையில், கைப்பிடிச் சுவரையொட்டி, நடைபாதையை மறைக்காமல் நிற்பதே மேல். தூரத்திலிருந்து எடுக்க விரும்புவோர் பினக்கல் டக்ஸ்டன் அடுக்குமாடிக் குடியிருப்பின் 50ஆம் மாடியையும் ஃபேபர் மலையையும் கருதலாம். அங்கிருந்து எடுக்க 70–200 மில்லிமீட்டர் லென்ஸ் தேவைப்படும். விரிகுடாவைச் சுற்றி நிற்பவருக்கு 24–70 போதும்.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத அவசியமில்லை. உறுதியான முக்காலி, ஷட்டர் பொத்தானைத் தொடாமல் இயக்க ஒரு ரிமோட், முழுவதும் சார்ஜ் செய்த இரண்டு பேட்டரிகள், இடமுள்ள மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச் விளக்கு ஆகியவை இருந்தால் போதும். நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. குளிரூட்டப்பட்ட எம்ஆர்டி ரயிலிலிருந்தோ கடைத்தொகுதியிலிருந்தோ வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுத்தால், ஈரக்காற்று பட்டு லென்ஸ் கண்ணாடி பனித்துவிடும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். கேமராவைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூழலுக்குப் பழகவிட்டு, பிறகு எடுங்கள்.

அடுத்தது ஃபோகஸ். இதை வாணம் எழுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இருட்டில் தானியங்கி ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும்போது நல்ல வெடிப்பு போய்விடும். கேமராவின் திரையில், வாணம் எழக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு கட்டடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வங்கிக் கோபுரங்களின் உச்சியில் ஒளிரும் எழுத்துகள் இதற்கு மிகவும் வசதியானவை. லென்ஸை மேனுவல் நிலைக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். எழுத்தின் ஓரத்தில் உள்ள ஒளிக்கசிவு சுருங்கிக்கொண்டே வரும், ஒரு புள்ளியில் மிகக் கூர்மையாகி, அதைத் தாண்டினால் மறுபடி விரியத் தொடங்கும். அந்தக் கூர்மையான புள்ளிக்குத் திரும்பி வந்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். அதன்பின் ஜூம் செய்யாதீர்கள். பல லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் மாறிவிடும்.

இனி எக்ஸ்போஷர், அதாவது படத்தில் எவ்வளவு ஒளியைப் பதிய விடுவது என்பது. வாணத்தின் ஒளி நகரும் ஒளி. கட்டடத்தின் ஒளி நிலையான ஒளி. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு தீப்பொறி, ஒளியைப் பதியும் சென்சாரில் ஒரு புள்ளியைக் கணநேரத்தில் கடந்து போய்விடுவதால், ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் அந்தப் பொறி விட்டுச்செல்லும் கோட்டின் பிரகாசம் கூடாது. அதைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் (லென்ஸின் ஒளித்துளை) ஐஎஸ்ஓவும்தான் (ஒளியுணர்வு அளவு). கட்டடமோ அதே இடத்தில் நிற்பதால், ஷட்டர் திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அதன் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே, வாணம் வெளுத்துப்போனால் அப்பர்ச்சரைச் சுருக்குங்கள். கட்டடம் இருண்டிருந்தால் நேரத்தை நீட்டுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 11 (இந்த எண் கூடினால் அப்பர்ச்சர் சுருங்கும்), நான்கு முதல் எட்டு விநாடி என்பது மரினா பேக்கு நல்ல தொடக்கம். இறுதிக் கட்டத்தில் வாணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெடிக்கும்போது எஃப் 16க்குப் போங்கள், நேரத்தையும் இரண்டு மூன்று விநாடிகளாகக் குறையுங்கள்.

வண்ணங்களின் பிரகாசம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று வேதிப்பொருள்கள் மாறுகின்றன. இவற்றில் நல்ல நீலம் கிடைப்பது வாணம் செய்பவர்களுக்கே கடினம், படத்திலும் அது மங்கலாகத்தான் வரும். சிவப்பு அளவு மீறினால் மஞ்சளாகி, பிறகு வெறும் வெள்ளையாகிவிடும். முதல் இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று ஒரு முறை பாருங்கள். அதற்குமேல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வானத்தைப் பாருங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பதும், நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிறுத்தி வைப்பதும் பின்னால் திருத்துவதற்கு உதவும். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் (படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பு வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால், ஆறு விநாடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னும் ஆறு விநாடி எதுவும் எடுக்காமல் நிற்கும்; சில நிமிடங்களே நீடிக்கும் காட்சியில் அது பெரிய இழப்பு. முக்காலியில் வைத்திருக்கும்போது லென்ஸின் அசைவுத் தடுப்பையும் அணைப்பது நல்லது.

கேமராவில் பல்ப் நிலை (பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மெல்லிய ஒளிக்கோடாக வாணம் மேலே ஏறத் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, விரிந்து, நுனிகள் வளைந்து மங்கும்போது மூடினால், தண்டும் தலையுமாக முழு வடிவம் கிடைக்கும். சத்தத்தை நம்பாதீர்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கு வெடியோசை மூன்று விநாடி தாமதமாகத்தான் கேட்கும், அதற்குள் வாணம் பெரும்பாலும் மங்கத் தொடங்கியிருக்கும். இரண்டு வெடிப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி வந்தால், பளபளப்பில்லாத ஒரு கறுப்பு அட்டையை லென்ஸைத் தொடாமல் அதன் முன் பிடித்து மறைத்து, அடுத்தது ஏறும்போது விலக்குங்கள்; கட்டடங்கள் வெளுக்காமல் இரண்டு வெடிப்புகளும் ஒரே படத்தில் பதியும். இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து வெடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த படத்தில் எதுவுமே தனித்துத் தெரியாது.

கைப்பேசியில் எடுப்பவரும் நல்ல படம் எடுக்கலாம். அதையும் முக்காலியில் பொருத்தி, ஃபிளாஷை அணைத்து, அளவுகளை நாமே மாற்ற உதவும் ப்ரோ நிலை இருந்தால் குறைந்த ஐஎஸ்ஓவும் இரண்டு மூன்று விநாடி நேரமும் வையுங்கள். ப்ரோ நிலை இல்லாவிட்டால், தூரத்து விளக்கைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தவிருங்கள், தெளிவு போய்விடும்.

இப்போது தேர்வுக்கு வருவோம். அங்கேயே நின்றுகொண்டு எதையும் அழிக்காதீர்கள். சின்னத் திரையில் பளிச்சென்று தெரிவது வீட்டில் வெளுப்பாகத் தெரியலாம், மங்கலாகத் தோன்றியது ரா கோப்பில் அருமையாக எழலாம். மறுநாள் கணினியில் பார்க்கும்போது, முதல் சுற்றில் வாணத்தைப் பார்க்காமல் கட்டடங்களின் ஜன்னல்களை மட்டும் நூறு விழுக்காட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அவை ஆடியிருந்தால், வாணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம். இரண்டாம் சுற்றில் வெடிப்பின் நடுப்பகுதியைப் பாருங்கள்: அங்கே நிறம் இருக்கிறதா, வெறும் வெள்ளைத் திட்டா? வெள்ளைத் திட்டை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. இந்த இரண்டு சுற்றிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

மூன்றாம் சுற்று கடினமானது. எஞ்சிய படங்களைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கி வரிசையாக வையுங்கள். நுணுக்கங்கள் மறைந்து அமைப்பு மட்டும் தெரியும் அந்த அளவில், கண் தானாக எதில் போய் நிற்கிறது என்று கவனியுங்கள். வெடிப்பின் மேல்விளிம்பு சட்டத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அதற்கும் மேலே கொஞ்சம் இருட்டு மிஞ்சினால் இன்னும் நல்லது. மரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்களோ எஸ்பிளனேட்டின் முள்கூரையோ வாணத்தோடு முட்டாமல், அதன் அளவைச் சொல்லும்படி பக்கத்தில் நிற்பது சிறப்பு. ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள சாண்ட்ஸுக்கு அருகே விரியும் வாணத்தின் உயரத்தைப் பார்ப்பவர் தானே கணித்துக்கொள்வார். நீரில் விழும் நிறமும் பாதி படம்தான். அதை வெட்டிவிட்ட படம் எப்போதும் ஏதோ குறைவது போலவே இருக்கும்.

இறுதிக் கட்டத்தில் எடுத்த படங்களில்தான் எல்லோர் மனமும் நிற்கும், ஏனென்றால் அந்த நேரத்துக் கூச்சலும் அதிர்வும் நினைவோடு கலந்திருக்கும். படத்தில் அவை இல்லை, புகை இருக்கிறது. காற்று சுத்தமாக இருந்த முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் எடுத்தவற்றை மறுபடி ஒரு முறை திறந்து பாருங்கள். சிறந்த படம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு படங்களுக்கு இடையே முடிவெடுக்க முடியவில்லை என்றால், அன்று அங்கே வராத ஒருவரிடம், வீட்டில் உள்ள அம்மாவிடமோ தம்பியிடமோ, விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் காட்டுங்கள். அவர்கள் எதை நீண்ட நேரம் பார்க்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பக் குழுவில் முப்பது படங்களைக் கொட்டுவதைவிட அந்த ஒன்றை மட்டும் அனுப்புங்கள்.

பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் நமக்கு அந்தி மிகக் குறுகியது. ஆகஸ்டில் ஏழே கால் மணியளவில் சூரியன் மறைந்தால், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வானத்தின் நீலம் போய்விடும். அதனால் சிலர் நீல நேரத்தில் நகரத்தைத் தனியாக எடுத்து, பின்னர் எடுத்த வாணங்களை அதன்மேல் சேர்க்கிறார்கள். அது கலையாக ஏற்கத்தக்கதே; ஆனால் பல படங்களைச் சேர்த்தது என்று கீழே ஒரு வரி எழுதாமல் வெளியிடுவது, ஒரே கணத்துக்காகக் காத்திருந்து எடுத்தவருக்கு இழைக்கும் அநீதி.

தேர்ந்தெடுத்த படத்தில் நீர்மட்டக் கோட்டை நேராக்குங்கள், சுருங்கிய அப்பர்ச்சரில் தெரியும் சென்சார் தூசிப் புள்ளிகளை நீக்குங்கள், நிறத்தைக் கூட்டும் பட்டையை அளவோடு தொடுங்கள். அச்சிடுவதாக இருந்தால், தாள் திரையைப் போல் ஒளிராது என்பதை மனத்தில் வைத்து, நிழல் பகுதிகளைச் சற்று வெளிச்சமாக்கி, முதலில் சிறிய அளவில் ஒரு மாதிரி அச்செடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.