சிறிய விமான நிலையத்தை வேலிக்கு வெளியே நின்று புரிந்துகொள்வது எப்படி?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையம் சாண்டா கிளாரா கவுன்டிக்குச் சொந்தமானது. கவுன்டி என்பதை ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது என்று கொள்ளலாம். ரீட் குடும்பத்தார் 1930களின் இறுதியில் தொடங்கிய இந்நிலையத்தைக் கவுன்டி நிர்வாகம் 1961இல் வாங்கியது. பயணிகள் விமானச் சேவை எதுவும் இங்கே இல்லை. பறக்கப் பயில்வோரும் சொந்தச் சிறுவிமானம் வைத்திருப்போருமே பெரும்பாலும் இதைப் பயன்படுத்துகின்றனர். ஒரே விமானம் திரும்பத் திரும்ப இறங்கி ஏறுவதைக் காண முடிவதால், புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்குப் பெரிய நிலையங்களைவிட இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

முதற்படி: ஓடுபாதையின் எண்ணைப் படித்தல். அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் நிலைய வரைபடத்தில், ஒவ்வொன்றும் சுமார் 3,100 அடி நீளமுள்ள இரண்டு இணை ஓடுபாதைகளைக் காணலாம். அவற்றின் ஒரு முனையில் 31 என்றும் மறுமுனையில் 13 என்றும் எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கிலிருந்து, அளந்த திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் கிடைப்பதே இந்த எண். ஆகவே 31இல் இறங்கும் விமானம் ஏறத்தாழ 310 பாகை, அதாவது வடமேற்கு நோக்கிச் செல்கிறது. இணைப்பாதைகளைப் பிரித்தறிய இடது, வலது என்ற அடையாளமும் சேர்க்கப்படுகிறது. ஒரு முனையிலிருந்து '31 இடது' எனப்படும் அதே பாதை, எதிர்முனையிலிருந்து '13 வலது' ஆகிவிடும் என்பதைப் பலரும் முதலில் தவறவிடுகின்றனர்.

இரண்டாம் படி: காற்றைக் கவனித்தல். இதற்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள்; நிலையத்தின் அன்றைய ஒழுங்கு முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். அப்போதுதான் தரையோடு ஒப்பிட்ட வேகம் குறைந்து, குறைந்த தூரமே போதுமானதாகிறது. கம்பத்தில் கட்டியிருக்கும் துணிக்குழாயான காற்றுப்பையின் அகன்ற வாய் காற்று வரும் திசையையும், ஒடுங்கிய வால் அது போகும் திசையையும் காட்டும். வானிலை அறிக்கையில் '31008KT' என்றிருந்தால், காற்று 310 பாகையிலிருந்து 8 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று பொருள். எழுத்தில் வரும் அறிக்கை உண்மை வடக்கையும் (புவியின் வடதுருவத் திசை), வானொலியில் ஒலிக்கும் அறிவிப்பு காந்த வடக்கையும் அடிப்படையாகக் கொண்டவை. இவ்வட்டாரத்தில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 13 பாகை வேறுபாடு உண்டு.

மூன்றாம் படி: சுற்றைத் தொடர்தல். பயிற்சி விமானங்கள் ஓடுபாதையை ஒட்டிச் செவ்வக வடிவில் சுற்றுகின்றன. காற்றோடு இணையாகப் போகும் நீண்ட பக்கம் டவுன்விண்ட், அதையடுத்துத் திரும்பும் குறுகிய பக்கம் பேஸ், ஓடுபாதைக்கு நேராக இறங்கி வருவது ஃபைனல். சக்கரம் தரையைத் தொட்டவுடன் நிற்காமல் மீண்டும் எழும்பினால் அது 'டச் அண்ட் கோ'.

நான்காம் படி: வானொலியைக் கேட்டல். அமெரிக்காவில் விமான அலைவரிசைகளைக் கேட்க மட்டும் உரிமம் தேவையில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் 'கிளியர்ட் ஃபார் தி ஆப்ஷன்' என்று சொன்னால், முழுதாக நிற்பதா, தொட்டு எழும்புவதா என்பதை விமானியே முடிவுசெய்யலாம்.

எரிபொருள் நிரப்புமிடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோலை இங்கு விற்பதைக் கவுன்டி 2022 சனவரி முதல் நிறுத்தியது. வான்வெளி விதிகள் கூட்டாட்சி அரசின் கையில் இருக்க, நிலத்திலும் விற்பனையிலும் உரிமையாளரின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்ற சர்ச்சை அதனால் வலுத்தது.

இவை பழகியபின், அதே கவுன்டிக்குச் சொந்தமான சான் மார்ட்டின் நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கே கோபுரம் இல்லை. விமானிகள் பொது அலைவரிசையில் நிலையத்தின் பெயரை முதலிலும் முடிவிலும் சொல்லித் தங்கள் இடத்தைத் தாமே அறிவிக்கின்றனர். அடுத்து எந்த விமானம் இறங்கும் என்பதைக் காற்றுப்பையையும் அந்த அறிவிப்புகளையும் வைத்து நீங்களே கணிக்க வேண்டியிருக்கும்.