'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் இனிப்பு: புரொசெக்கோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இனிப்பே பிடிக்காத ஒரு நண்பருக்குப் பரிசாகக் கொடுக்க, இத்தாலியின் நுரை ஒயினான புரொசெக்கோ வாங்கப் போயிருந்தேன். அடுக்கில் ஒன்றில் 'பிரூட்' என்றும் இன்னொன்றில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்றும் எழுதியிருந்தது. ஒயினில் டிரை என்றால் இனிப்பில்லாதது, அப்படியானால் எக்ஸ்ட்ரா டிரையில் இனிப்பு சுத்தமாக இருக்காது என்று கணக்குப் போட்டு அதையே எடுத்தேன். கணக்கு தலைகீழ். நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார்.

லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்கு உட்பட்டது பிரூட். எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம். வெறும் 'டிரை' என்று போட்டிருந்தால் 17 முதல் 32 கிராம், அதாவது மூன்றிலும் அதுதான் நன்றாகவே இனிக்கும். இனிப்பு வேண்டாம் என்றால் பிரூட், அதிலும் குறைய வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா பிரூட், பிரூட் நேச்சர் என்று தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நுரை ஒயின் குடித்தவர்களுக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் வேண்டியிருந்தது. அந்த நாக்குக்கு 20 கிராம் என்பது 'டிரை'தான். பிறகு ருசி மாறிக் குறைந்த இனிப்பு கேட்க ஆரம்பித்தபோது, பழைய பெயர்களை அப்படியே விட்டுவிட்டுக் கீழே புதுப் பெயர்களைச் சேர்த்தார்கள். அந்தக் குழப்பம் இன்றுவரை லேபிளில் நிற்கிறது. எக்ஸ்ட்ரா டிரை மட்டமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். புரொசெக்கோ விளையும் ஊர்க்காரர்களின் பழக்கமான ருசியே அதுதான். பேரிக்காய், ஆப்பிள், வெள்ளைப் பூ மாதிரியான வாசனைக்கு அந்த இளம் இனிப்பு பொருந்தித்தான் போகிறது.

அடுத்த தவறு, 'ஏழைகளின் ஷாம்பெயின்' என்று நினைப்பது. இரண்டையும் செய்யும் முறையே வேறு. ஷாம்பெயினில் குமிழியை உண்டாக்கும் இரண்டாவது நொதித்தல் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது. ஈஸ்ட் படிவோடு மாதக்கணக்கில் கிடப்பதால் ரொட்டி வாசனை ஏறுகிறது. புரொசெக்கோ பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் பெரிய எஃகுத் தொட்டியில் நொதிக்கிறது. இந்த வழியை 1895இல் கொண்டுவந்தவர் ஃபெடரிகோ மார்டினோட்டி என்ற இத்தாலியர். பின்னர் அதை மேம்படுத்திய பிரெஞ்சுக்காரர் ஷார்மாவின் பெயர்தான் உலகத்துக்குப் பழகிவிட்டது. தொட்டியில் சீக்கிரம் முடிவதால் பழத்தின் புதுமணம் போகாமல் நிற்கிறது, அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆகவே கல்யாண நாளுக்கு என்று அலமாரியில் ஐந்தாறு வருடம் பூட்டி வைக்காதீர்கள். ஊற ஊறச் சுவை ஏற இது ஊறுகாய் அல்ல. வாங்கி ஓரிரு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

புரொசெக்கோ திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா? 2009 வரை இரண்டும்தான். திரியெஸ்தே நகரத்துக்குப் பக்கத்தில் புரொசெக்கோ என்ற சின்ன ஊர் இருக்கிறது, திராட்சைக்கும் அதே பெயர் இருந்தது. திராட்சையின் பெயரை யாரும் தனக்கே என்று உரிமை கொண்டாட முடியாது, இடத்தின் பெயரைக் கொண்டாடலாம். இத்தாலியர்கள் கொஞ்சம் வக்கீல் புத்தியோடு யோசித்து, அந்த வருடம் திராட்சையை 'கிளேரா' என்று மாற்றி, அந்தச் சின்ன ஊரும் உள்ளே வரும்படி வெனெட்டோ, ஃப்ரியூலி பகுதிகளின் ஒன்பது மாவட்டங்களுக்கு எல்லையை இழுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கிங் பள்ளத்தாக்கில் அதே திராட்சையைப் பழைய பெயரிலேயே விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு பல வருட இழுபறி அதில் வந்தது.

எல்லை அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் 'எல்லா புரொசெக்கோவும் ஒன்றுதானே' என்று கேட்கக் கூடாது. 'டிஓசி' என்பது எங்கே, எப்படி விளைந்தது என்பதற்கான இத்தாலியச் சட்ட முத்திரை, 'டிஓசிஜி' அதற்கும் மேல்படி. டிஓசியில் வருடத்துக்கு 60 கோடி பாட்டிலுக்கு மேல் வருகிறது, பெரும்பகுதி சமவெளித் திராட்சை. கழுத்துப்பட்டியில் 'டிஓசிஜி' என்றிருந்தால் அது குன்றுகளிலிருந்து வந்தது. ஒன்று அசோலோ, இன்னொன்று வெனிஸுக்கு வடக்கே, கொனெலியானோவுக்கும் வால்தொப்பியாதெனேவுக்கும் இடையில் இருக்கும் 15 ஊர்கள்.

அந்தக் குன்றுகளை ஒரு படத்திலாவது பார்த்துவிடுங்கள். முதுகெலும்பு போல வரிவரியாக ஓடும் செங்குத்தான மேடுகள், அவற்றின் சரிவில் கற்சுவர் இல்லாமல் புல் பிடித்த மண் வரப்புகளாலேயே கட்டிய குறுகிய படிகள். உள்ளூரில் 'சில்யோனி' என்கிறார்கள். புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. யந்திரம் ஏற முடியாத சரிவில் கூடையோடு ஏறிக் கையால்தான் பறிக்க வேண்டும். 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லேபிளில் 'ரிவே' என்று போட்டு ஊர்ப் பெயரும் இருந்தால், அது இப்படிப்பட்ட ஒரே ஊரின் சரிவுகளில் விளைந்தது, அப்படி 43 பெயர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 'கார்திட்ஸே' என்ற குன்று, மொத்தமே 107 ஹெக்டேர். ஹெக்டேருக்குச் சமவெளியில் 18 டன் வரை திராட்சை எடுக்கலாம், இங்கே 12 டன்தான்.

இங்கேயும் அதே பொறி காத்திருக்கிறது. கார்திட்ஸேயைப் பாரம்பரியமாக 'டிரை' ஆகத்தான் செய்வார்கள். விலை உயர்ந்ததாயிற்றே, இனிப்பே இருக்காது என்று நம்பி வாங்கினால் என் கதைதான். பிரூட் கார்திட்ஸேயும் கிடைக்கிறது, பார்த்து எடுக்க வேண்டும்.

ரோஸ் நிறப் புரொசெக்கோ 2020இல்தான் சட்டப்படி வந்தது, அதுவும் டிஓசியில் மட்டும். கிளேராவோடு 10 முதல் 15 சதவீதம் பினோ நேரோ என்ற கறுப்புத் திராட்சை சேர்வதால் அந்த நிறம். டிஓசிஜி ரோஸ் என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

அடியில் வண்டல் தெரிகிறது, கலங்கியிருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. 'கோல் ஃபோந்தோ' என்று இருந்தால் அது கெட்டுப்போனதல்ல. பாட்டிலுக்குள்ளேயே நொதித்து, ஈஸ்டோடு அப்படியே விட்ட பழைய கிராமத்துப் பாணி. தெளிவாக வேண்டுமென்றால் அசைக்காமல் ஊற்றலாம், சிலர் வேண்டுமென்றே கலக்கிக் குடிக்கிறார்கள். 'ஃப்ரிட்ஸாந்தே' என்றால் குமிழி குறைவு, 'ஸ்பூமாந்தே' என்றால் முழு நுரை. இரண்டும் ஒரே விலையில் இருந்தால் எது வேண்டும் என்று தெரிந்து எடுங்கள்.

சரி, பாட்டிலைத் திறக்கும்போது. சினிமாவில் போலக் குலுக்கிக் கார்க்கைப் பறக்கவிடாதீர்கள். உள்ளே கார் டயரைவிட இரண்டு மடங்கு அழுத்தம், கண்ணில் பட்டால் விளையாட்டல்ல. முதலில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும், 6 முதல் 8 டிகிரி போதும். கார்க்கைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று திருப்பித் தளர்த்தலாம், ஆனால் கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக் கார்க்கை அசையாமல் வைத்து, பாட்டிலை மட்டும் மெல்லத் திருகுங்கள். கார்க் தானாக மேலே வரும், அதை விடாமல் எதிர்த்துப் பிடித்திருந்தால் 'உஸ்' என்ற பெருமூச்சோடு முடிந்துவிடும். கிளாஸும் ஒல்லியாக உயரமாக வேண்டாம், வாசனை நிற்க இடமே இருக்காது. வயிறு அகன்று மேலே குறுகிய சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும்.

புரொசெக்கோவோடு அபெரோல் என்ற கசப்பு மதுவைச் சேர்க்கும் 'ஸ்பிரிட்ஸ்' காக்டெயில் கலக்க ரிவேயும் கார்திட்ஸேயும் வாங்குவது வீண்செலவு, அபெரோலின் கசப்பிலும் ஆரஞ்சிலும் குன்றெல்லாம் கரைந்துவிடும். ஒரு டிஓசி பிரூட் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மிச்சமான பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைச் செருகி வைத்தால் குமிழி போகாது என்பது கட்டுக்கதை. நுரை ஒயினுக்கென்று விற்கும் கவ்விப் பிடிக்கும் மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும்.